கல்வராயன் மலையின் வேட்டும் உரோமின் ஈட்டியும்: பூர்விகத் தொன்மங்களை வாசிக்கும் முறை குறித்து

ஆய்வுச்சுருக்கம்

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்து மலைவாழ் வேடரை வென்று அவர்தம் பெண்டிரை மணந்தனர் என்னும் பூர்விகக் கதையை உடையவர்கள். திருமணத்தில் சுடப்படும் துப்பாக்கி வேட்டு அந்நிகழ்வின் நினைவு என்று 1906ஆம் ஆண்டுத் தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடி பதிவு செய்துள்ளது. உரோமரின் தொடக்கத் தொன்மங்களுள் ஒன்றான சபைன் பெண்டிர் கதையும் இதே அமைப்பினது. அங்கும் திருமணச் சடங்கே கதைக்குச் சான்றாக நிறுத்தப்பட்டது. இக்கட்டுரை இவ்விரண்டையும் ஒப்பிட்டு, உரோமத் தொன்மங்களின்மேல் இரு நூற்றாண்டுகளாக நிகழ்ந்த மூலத் திறனாய்வின் பயனைக் கல்வராயன் மலைக் கதைக்குப் பொருத்திப் பார்க்கிறது. கதையின் முற்பாதியை மட்டும் வரலாறாகக் கொண்டு மலையாளிகளை வந்தேறிகள் எனக் கூறும் வாசிப்பு முறையற்றது என்பது இதன் முடிவு.

திறவுச்சொற்கள்: கல்வராயன் மலை, மலையாளிப் பழங்குடியினர், பூர்விகத் தொன்மம், ரோமுலஸ், சபைன் பெண்டிர், திருமணச் சடங்கு, இனவரைவியல்.

முன்னுரை

தமிழாய்வில் உரோம் என்றவுடன் முன்னிற்பன யவனர், முசிறி, அரிக்கமேடு, பொற்காசு, மதுச்சாடி ஆகியனவே. வணிகத் தொடர்பு பற்றிய ஆய்வுகள் பெருகிய அளவிற்கு, உரோமர் தம் தொடக்கத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதைகளைத் தமிழ் மக்களின் பூர்விகக் கதைகளோடு வைத்துப் பார்க்கும் முயற்சி பெருகவில்லை. ஒப்பீடு என்பது கடன் வாங்கலையோ தொடர்பையோ நிறுவுவதற்கு மட்டும் உரியதன்று. ஒரே வகையான கதையை இரு சமூகங்கள் எவ்வாறு கையாண்டன, அக்கதையைப் பின்வந்தோர் எவ்வாறு வாசித்தனர் என்பதை அறியவும் அது பயன்படும். இக்கட்டுரை கொள்வது இரண்டாம் வகை ஒப்பீட்டையே. உரோமுக்கும் கல்வராயன் மலைக்கும் இடையே வரலாற்றுத் தொடர்பு எதையும் இது முன்வைக்கவில்லை.

இவ்வொப்பீட்டிற்கு ஒரு நடைமுறைத் தேவையும் உண்டு. தமிழ்நாட்டுப் பட்டியல் பழங்குடியினர் வரிசையில் 'மலையாளி' என்னும் பெயர் தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி ஆகிய பழைய மாவட்டங்களின் எல்லைக்குள் மட்டுமே ஏற்கப்பட்டுள்ளது. இவ்வெல்லைக்கு வெளியே அமைந்த ஈரோடு மாவட்டப் பர்கூர் மலையின் மலையாளிகள் அத்தகுதியை நெடுங்காலமாகக் கோரி வருகின்றனர். இச்சூழலில், 'காஞ்சியிலிருந்து வந்த வேளாளர் எவ்வாறு பழங்குடியினர் ஆவர்?' என்னும் வினா எளிதில் எழுகிறது. ஒரு பூர்விகக் கதையை எப்படி வாசிப்பது என்பது அவ்வாறு இலக்கிய வினா என்ற அளவைக் கடந்து, வாழும் மக்களின் உரிமையைத் தொடும் வினாவாகிறது.

கல்வராயன் மலைக் கதையும் அதன் பதிவுகளும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான கல்வராயன் மலை, வடக்கில் சின்னக் கல்வராயன், தெற்கில் பெரிய கல்வராயன் என இரு பிரிவாக வழங்கப்படும். அதன் ஒரு பகுதி சேலம் மாவட்டத்திலும், மற்றொரு பகுதி 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரித்து அமைக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் உள்ளது. கோமுகி ஆறு இங்குத் தோன்றுகிறது. வெள்ளிமலை, கரியாலூர் முதலியன மலையின் அறியப்பட்ட ஊர்கள். மலையின் ஊர்கள் சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் மூன்று சாகீர்களின் கீழ் இருந்தன. இச்சாகீர்கள் விசயநகர வேந்தர் கிருட்டிணதேவராயர் அளித்தவை என்பது மரபு. இவை அரசின் கைக்கு வந்தது 1976ஆம் ஆண்டில்தான். இங்கு வாழும் மலையாளிகள் தமிழ் பேசுவோர். அப்பெயர் மலையை ஆள்வோர் அல்லது மலையில் வாழ்வோர் என்னும் பொருளது. கேரளத்து மலையாளிகளோடு தொடர்பற்றது.

இம்மக்களின் பூர்விகக் கதை பல வடிவங்களில் அச்சேறியுள்ளது. இலெபானுவின் சேலம் மாவட்டக் கையேடு (1883), பிரான்சிசின் தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடி (1906), எமிங்வேயின் திருச்சிராப்பள்ளி மாவட்ட விவரச்சுவடி (1907), இவற்றைத் தொகுத்துக்கொண்ட தர்சுடன், இரங்காச்சாரி ஆகியோரின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் (1909) ஆகியன முதன்மையானவை. வடிவங்கள் அனைத்திற்கும் பொதுவான கூறு காஞ்சியிலிருந்து புறப்பாடு. ஒரு வடிவில், காஞ்சியில் இருக்க ஒவ்வாத கரிராமன் என்னும் தெய்வம் புதிய இருப்பிடம் தேடிப் புறப்பட, பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் மூவர் தத்தம் குடும்பத்தோடு உடன் வருகின்றனர். மற்றொரு வடிவில், காஞ்சி மன்னனோடு பிணங்கிய அவன் உடன்பிறந்தான் தன் மக்களோடு வெளியேறுகிறான். எதிர்த்தவர்களைச் சங்கும் சக்கரமும் வெல்கின்றன. மைந்தர் மூவரும் அந்நாட்டுப் பெண்களை மணக்கின்றனர். யார் எந்த மலைக்குச் சென்றார் என்பதில் வடிவங்கள் ஒன்றோடொன்று மாறுபடுகின்றன.

கல்வராயன் மலைக்குரியதாகப் பிரான்சிசு பதிவு செய்த வடிவம் சுருக்கமானது, ஆனால் கூர்மையானது. மலையில் முன்பு வேடர் வாழ்ந்தனர். வந்தோர் ஆடவரைக் கொன்று பெண்டிரை மணந்தனர். இன்றும் திருமணத்தின்போது வானை நோக்கி ஒரு துப்பாக்கி சுடப்படுகிறது. அது வேடக் கணவனின் இறப்பைக் குறிக்கிறது. இப்பதிவே இக்கட்டுரையின் மையம்.

உரோமரின் தொடக்கக் கதைகள்

உரோமருக்கு ஒரு தொடக்கம் போதவில்லை. திராய் நகரம் வீழ்ந்தபின் தன் தந்தையையும் குலதெய்வத் திருவுருக்களையும் சுமந்து இத்தாலிக்கு வந்த ஏனியாசு, அந்நிலத்து மன்னன் இலத்தீனசின் மகள் இலவீனியாவை மணக்கிறான். அவன் வழியில் பல தலைமுறை கழித்துப் பிறந்த இரட்டையர் ரோமுலசும் ரெமுசும் ஓநாயிடம் பாலுண்டு வளர்கின்றனர். உடன்பிறந்தானைக் கொன்று ரோமுலஸ் நகரை நிறுவுகிறான். வர்ரோவின் கணக்குப்படி அது கி.மு. 753. நகருக்கு ஆட்கள் வேண்டி அவன் கேபிட்டோலின் குன்றில் புகலிடம் ஒன்றைத் திறக்கிறான். அடிமையென்றும் உரிமையாளனென்றும் வேறுபாடு பாராமல் பலரும் வந்து சேர்கின்றனர். பெண்டிர் இல்லை, அண்டை ஊரார் பெண்கொடை மறுக்கின்றனர். எனவே கொன்சுவாலியா விழாவிற்கு அவர்களை அழைத்து, வந்த சபைன் பெண்டிரை உரோமர் கவர்ந்துகொள்கின்றனர்.

இக்கதையை இலிவி தம் வரலாற்றின் முதல் நூலிலும், தியோனீசியசு தம் உரோமத் தொல்வரலாற்றிலும், புளூட்டார்க் ரோமுலசின் வாழ்க்கை வரலாற்றிலும் எழுதினர். மூவரும் நகர் நிறுவப்பட்டதாகச் சொல்லப்படும் காலத்திற்கு 700 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பிற்காலத்தவர். கவரப்பட்ட பெண்டிரின் தொகையைப் புளூட்டார்க் மூன்று விதமாகத் தருகிறார்: 30 என்பது ஒரு கூற்று, வலேரியசு அந்தியாசு கூறுவது 527, யூபா கூறுவது 683. மிகத் துல்லியமாகத் தோன்றும் எண்கள் ஒன்றோடொன்று முரண்படுவது, அவை எண்ணிப் பெற்றவை அல்ல என்பதற்கு அடையாளம். 30 என்னும் எண் உரோம மக்களின் 30 கூரியா என்னும் பிரிவுகளை விளக்க வந்தது. அப்பிரிவுகள் அப்பெண்டிரின் பெயரைப் பெற்றன என்பதை உரோம அறிஞர் வர்ரோவே ஏற்கவில்லை. பல பிரிவுகள் இடப்பெயர் கொண்டவை என்பதைப் புளூட்டார்க்கும் சுட்டுகிறார்.

கல்வராயன் மலைக் கதையோடு ஒப்புமை வெளிப்படையானது. தெய்வத்தோடு புறப்பாடு, உடன்பிறந்தோர், தொலைவிலுள்ள புகழ்பெற்ற நகரம், பூர்வகுடியோடு போர், அவர்தம் பெண்டிரோடு மணம் என ஐந்து கூறுகளும் இரண்டிலும் உள. காஞ்சியும் திராயும் இக்கதைகளில் ஒரே வேலையைச் செய்கின்றன: சொல்வோருக்கு மதிப்பைத் தருகின்றன. உரோமர் பிறப்பால் கிரேக்கரே என நிறுவுவது தம் நூலின் நோக்கங்களுள் ஒன்று என்பதைத் தியோனீசியசு மறைக்கவில்லை. கிரேக்கப் பண்பாடு உயர்வாகக் கருதப்பட்ட உலகில் அவ்வுரிமைக்கோரல் பயனுடையது. சமவெளிச் சமூகத்தின் முன் 'நாங்கள் காரைக்காட்டு வேளாளர்' என்னும் கூற்றும் அத்தகையதே. காஞ்சியைத் தம் பயணவழியில் வைத்துப் பேசும் மரபு நகரத்தாருக்கும் உண்டு. ஆதலின் காஞ்சி என்பதை நிலப்படத்தில் தேடுமுன் அதனைக் கதைக்கூறாகக் காண்பது முறை.

சடங்கு சான்றாகுமா?

உரோமத் திருமணத்தில் மணமகளின் கூந்தலை ஈட்டி முனையால் வகிர்ந்தனர்; அவள் தானே வாயிற்படியைத் தாண்டாமல் தூக்கிச் செல்லப்பட்டாள்; 'தலாசியோ' என்னும் கூவல் எழுப்பப்பட்டது. இம்மூன்றும் சபைன் பெண்டிர் கவர்தலின் எச்சம் என்பது உரோமரிடையே வழங்கிய விளக்கம். கதை சடங்கை விளக்கியது. சடங்கு கதையை மெய்ப்பித்தது. இவ்வட்டத்தைக் காணத் தவறினால் திறனாய்வு இல்லை.

ஈட்டியைப் பற்றிப் புளூட்டார்க் தம் உரோம வினாக்களில் கேட்கும்போது ஒரே விடையோடு நிற்கவில்லை. முதல் திருமணங்கள் போரால் நிகழ்ந்தன என்பது ஒரு விடை. மணமகள் வீரம் மிக்க ஆடவரோடு வாழ வந்தவள் என்பதைக் குறிக்கலாம் என்பது மற்றொன்று. ஈட்டியோடு தொடர்புடைய யூனோ தேவியின் வழிபாட்டைச் சுட்டுவது இன்னொன்று. ஒரு சடங்கிற்குச் சமூகத்திற்குள்ளேயே பல விளக்கங்கள் இருத்தல் இயல்பு என்பதை அவர் அறிந்திருந்தார்.

இவ்வளவுகோலைக் கல்வராயன் மலை வேட்டிற்குப் பொருத்துவோம். முதலாவது, துப்பாக்கி தமிழ்நாட்டு மலைகளுக்குத் தொன்மையான கருவியன்று. பதினாறாம் நூற்றாண்டிற்கு முன் அதற்கு அங்கு இடமில்லை. எனவே துப்பாக்கிச் சடங்கு, அதன் இன்றைய வடிவில், கதை சொல்லும் முதல் வருகையின் நேரடி எச்சமாக இருப்பதற்குக் காலக்கணக்கு தடையாகிறது. வருகையையே மிகப் பிற்காலத்ததாகக் கொண்டால் மட்டும் அத்தடை நீங்கும். வில்லோ வேறொன்றோ இருந்த இடத்தில் துப்பாக்கி வந்தது எனக் கொள்ளலாம். ஆனால் அது ஊகமே. இரண்டாவது, மங்கல நிகழ்வுகளில் வேட்டுப் போடுதல் தமிழ்நாட்டுச் சமவெளியிலும் பரவலான வழக்கம். செய்தி அறிவித்தல், கண்ணேறு கழித்தல், சிறப்புச் செய்தல் என அதற்குக் காரணங்கள் பல. வேட்டையை வாழ்வின் பகுதியாகக் கொண்ட மலைமக்களிடம் துப்பாக்கி கைக்கெட்டிய கருவி. பொதுவழக்கான ஒரு செயலுக்குச் சிறப்பான ஒரு கதை பின்னர் இணைந்திருக்க இடமுண்டு. மூன்றாவது, புளூட்டார்க் பல விடை தந்த இடத்தில் விவரச்சுவடி ஒரே விடையைத் தருகிறது. அது மலையில் வழங்கிய ஒரே விடையா, பதிவாளர் தேர்ந்துகொண்ட விடையா என்பதை அப்பதிவைக் கொண்டு முடிவு செய்ய இயலாது.

பதிவாளர் காலத்துக் கண்ணாடி

பதிவுகள் எழுதப்பட்ட அறிவுச்சூழலையும் கருத வேண்டும். 1865இல் மெக்லெனன் என்னும் இசுக்காட்லாந்து அறிஞர் தொன்மைத் திருமணம் பற்றிய நூலை வெளியிட்டார். திருமணங்களில் காணப்படும் போலிப்போர், போலிக்கவர்தல் ஆகியன முற்காலத்தில் மெய்யாகவே நிகழ்ந்த பெண்கவர்தலின் எச்சங்கள் என்பது அவர் கொள்கை. உரோமரின் வழக்கங்களும் இந்திய மலைமக்களின் வழக்கங்களும் அவர் காட்டிய சான்றுகளுள் அடங்கும். அக்கொள்கை ஒரு தலைமுறைக் காலம் இனவரைவியலாரின் கேள்விகளை வடிவமைத்தது. குடிமைப்பணித் தேர்வில் இலத்தீனும் கிரேக்கமும் பெருமதிப்பெண் பெற்றிருந்த காலம் அது. ரோமுலசின் கதையை அறியாத அலுவலர் அரியர். உரோமத் தொன்மங்களும் தமிழக மலைகளும் ஒரே மனத்தில் சந்தித்ததற்கு ஓர் எடுத்துக்காட்டும் உண்டு: பண்டைய உரோமின் கதைப்பாடல்கள் (1842) என்னும் தம் நூலின் திட்டம் நீலகிரி அடிவாரக் காட்டில் தோன்றியதாக மெக்காலே கடிதம் ஒன்றில் எழுதியுள்ளார்.

இதனால் பிரான்சிசின் பதிவு புனைவு என்று பொருளன்று. மக்கள் கூறுவதாகவே அவர் எழுதுகிறார். அதனை ஐயுறக் காரணம் இல்லை. எனினும் கேட்கப்படும் வினாவே சொல்லப்படும் விடையின் வடிவைத் தேர்ந்தெடுக்கிறது. பெண்கவர்தலின் எச்சங்களைத் தேடிய காலம், மலையில் வழங்கிய பல விளக்கங்களுள் அவ்விளக்கத்தையே முதலில் குறித்துக்கொண்டிருக்கும் என எதிர்பார்ப்பது தவறாகாது. எனவே 1906ஆம் ஆண்டு வாக்கியத்தை மலைமக்களின் நினைவாக மட்டுமன்றி, ஒரு காலத்து வினாவிற்குக் கிடைத்த விடையாகவும் வாசித்தல் வேண்டும்.

உரோமத் தொன்மங்கள் இத்தகைய ஆய்வைத் தாங்கி நின்றவை. 1811 முதல் வெளிவந்த நீபூரின் உரோம வரலாறு, இலிவியின் முதல் நூல்கள் எவ்வகை மூலங்களிலிருந்து உருவாகியிருக்கும் என்று வினவியது. டியுமெசில் சபைன் போரை இந்தோ-ஐரோப்பியத் தொன்ம அமைப்பாகக் கண்டார். வைசுமன் 1995இல் ரெமுசின் கதை உருவான அரசியற் சூழலை ஆராய்ந்தார். அதே ஆண்டில் கோர்னெல் மரபுக்கும் அகழாய்விற்கும் இடையே அளவான நம்பிக்கையோடு உரோமின் தொடக்கத்தை எழுதினார். பாலத்தைன் குன்றில் கிடைத்த கி.மு. எட்டாம் நூற்றாண்டளவிலான குடிசைத் தடயங்கள் அங்குக் குடியிருப்பு இருந்தமையைக் காட்டுகின்றன; ரோமுலஸ் இருந்தான் என்று காட்டவில்லை. இவ்வேறுபாடே நமக்குத் தேவையான பாடம். தொன்மம் பொய்யென ஒதுக்கப்படவில்லை. அது எதற்குச் சான்று, எதற்குச் சான்றன்று என்பது பிரித்தறியப்பட்டது.

பெண்டிரின் குரல்

ஒப்புமைகளைவிட வேறுபாடு கூடுதலாகக் கற்பிக்கும் இடம் ஒன்று உண்டு. உரோமக் கதையில் சபைன் ஆடவர் அழிவதில்லை. மகளிரை மீட்கப் படையோடு வருகின்றனர். போரின் நடுவே அப்பெண்டிரே புகுந்து, ஒருபுறம் தந்தையரையும் மறுபுறம் கணவரையும் விலக்குகின்றனர். உடன்படிக்கை பிறக்கிறது, சபைன் மன்னன் தத்தியசு ரோமுலசோடு இணைந்து ஆள்கிறான், இரு மக்களும் ஒரு குடியாகின்றனர். கவர்தலில் தொடங்கிய கதை ஒப்பந்தத்தில் முடிகிறது. வன்முறைக்கு மறைப்பாக அது அமைந்தது என்று சொல்லலாம். ஆயினும் பூர்வகுடி கதையில் உயிரோடும் உரிமையோடும் தங்குகிறது.

கல்வராயன் மலைப் பதிவில் வேட ஆடவர் மடிகின்றனர். வேடப் பெண்டிர் பேசுவதில்லை. உடன்படிக்கை இல்லை. ஆனால் அவ்விடத்தில் வேட்டு இருக்கிறது. ஒவ்வொரு திருமணத்திலும், மங்கலத்தின் நடுவே, கொல்லப்பட்டவன் ஒருவன் இருந்தான் என்பது ஒலியாக அறிவிக்கப்படுகிறது. வென்றோர் தோற்றோரை மறப்பதே வழக்கமாயிருக்க, இச்சடங்கின் விளக்கம் மறதியை மறுக்கிறது. மணமகள் வேடனின் மனைவியாகவே முதலில் கருதப்படுகிறாள் என்பதும் கருதத்தக்கது: மலையின் உரிமை அவள்வழியே வருகிறது. உரோமர் உடன்படிக்கையால் சொன்னதை இம்மக்கள் சடங்கால் சொல்லினர் எனலாம். இரு கதைகளிலும் நிலத்திற்கு உரிமை தருவது போர் மட்டுமன்று, பூர்வகுடிப் பெண்ணோடு கொண்ட மணமும் ஆகும்.

பாதி வாசிப்பின் பிழை

'காஞ்சியிலிருந்து வந்தவர்கள்' என்னும் முற்பாதியை வரலாறாக ஏற்று, 'வேடப் பெண்டிரை மணந்தவர்கள்' என்னும் பிற்பாதியைக் கட்டுக்கதையாக விடுவதே பாதி வாசிப்பு. இதற்கு முறையியல் அடிப்படை எதுவும் இல்லை. இரு பாதியும் ஒரே வாய்மொழியில், ஒரே பதிவில் வருவன. கதையை எழுத்துப்படி ஏற்றால், இன்றைய மலையாளி ஒவ்வொருவரும் தாய்வழியில் மலையின் பூர்வகுடியைச் சேர்ந்தவர் என்பதையும் ஏற்க வேண்டும். எழுத்துப்படி ஏற்க இயலாதெனின், காஞ்சியும் சான்றாகாது. எவ்வழியிலும் வந்தேறிகள் என்னும் முடிவு பெறப்படுவதில்லை.

உரோமரைத் திராயர் என்று இன்று எவ்வரலாற்றாளரும் எழுதுவதில்லை. அவர்கள் ஏனியாசின் கதையைச் சொல்லிக்கொண்டது அவர்களை இத்தாலிக்கு அயலாராக்கவில்லை. உலகப் பேரரசின் கதைக்கு அளிக்கப்படும் இந்தத் திறனாய்வு நேர்மை, சாகீர்களின் கீழ் நெடுங்காலம் வாழ்ந்த ஒரு மலைச் சமூகத்தின் கதைக்கும் உரியது. பழங்குடித் தகுதி என்பது வாழ்நிலை, ஒதுங்கிய வாழிடம், தனித்த பண்பாடு ஆகியவற்றைக் கொண்டு தீர்மானிக்கப்பட வேண்டியது. மதிப்புக்கோரி எழுந்த ஒரு கதையை அம்மக்களுக்கு எதிரான வாக்குமூலமாகத் திருப்புவது ஆய்வாகாது.

முடிவுரை

கல்வராயன் மலைக் கதையும் உரோமரின் தொடக்கக் கதைகளும் இடப்பெயர்வின் குறிப்பேடுகள் அல்ல. யார் நாம், இந்நிலம் எவ்வாறு நமதாயிற்று, நம் தாய்மார் யார் என்னும் மூன்று வினாக்களுக்குச் சமூகங்கள் அமைத்துக்கொண்ட விடைகள். சடங்கு அவ்விடைகளைத் தலைமுறைதோறும் நிலைநிறுத்துகிறது. அவற்றின் காலத்தை நிறுவுவதில்லை. பதிவுகளை அவை எழுதப்பட்ட காலத்துக் கொள்கைகளோடு சேர்த்து வாசிக்கும்போதே இது தெளிவாகும்.

மேலாய்விற்கு இரு பணிகள் உள்ளன. ஒன்று, கல்வராயன், சேர்வராயன், பச்சை, கொல்லி மலைகளில் வழங்கும் கதைவடிவங்களை மலைவாரியாகவும் சொல்வோர்வாரியாகவும் இன்று மீண்டும் திரட்டி 1883 முதல் 1909 வரையான பதிவுகளோடு ஒப்பிடுதல். மற்றொன்று, திருமண வேட்டிற்கு மலைமக்கள், சிறப்பாகப் பெண்கள், இன்று தரும் விளக்கங்களைக் கேட்டுப் பதிதல். 1906ஆம் ஆண்டுப் பதிவில் கேட்காத குரல் அவர்களுடையது. புளூட்டார்க்கைப் போல ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளைக் குறித்துக்கொள்ளும் பொறுமையோடு அப்பணி செய்யப்படின், வேட்டின் பொருள் விவரச்சுவடியின் ஒற்றை வாக்கியத்தைவிட விரிந்ததாகத் தெரியவரும்.